சடையன் தெளிவாக இருக்கிறான்

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மாவின் கேள்வி வந்துவிடும்.

"இன்னைக்கு எவ்வளவு சாப்பிட்டான்?"

முதன்முறை கேட்பவர்கள், பேரப்பிள்ளை யாரையோ விசாரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா விசாரித்தது ஒரு வேரை. இலையும் தண்டும் இல்லாத, மண்ணைத் தொட்டே அறியாத வேர் அது. சர்க்கரையும் உப்புகளும் கரைந்த நீரில் மிதந்தபடி, கிளைத்துக் கிளைத்துத் தன்னையே பின்னிக்கொண்டு, சீப்புப் படாத தலைமுடிபோல் அடர்ந்து வளரும். அதை உருவாக்கியவன் அவளுடைய மகன். சடையன் என்று பெயரிட்டவனும் அவன்தான். பெயரிட்டவன் இறந்து ஓர் ஆண்டு நிறையப்போகிறது. சடையன் மட்டும் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் குடுவைகளில் வெள்ளை வெளேரென்று வளர்ந்துகொண்டிருந்தான்.

பதில் சொல்ல வேண்டியவள் தங்கை. அதே ஆய்வுக்கூடத்தில் வேர்களைப் பெரிய அளவில் வளர்க்கும் எஃகுத் தொட்டிகள் அவளுடைய பொறுப்பு. வேர் வளர்கையில் கரைசலின் உப்புகளை உறிஞ்சிக்கொள்ளும். உப்பு குறையக் குறைய, அந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவும் குறையும். தொட்டியின் பக்கவாட்டில் பொருத்திய சிறு திரை அந்த அளவை ஓர் எண்ணாகக் காட்டும். மூடிய தொட்டியைத் திறந்து வேரை எடுத்து நிறுத்துப்பார்க்க முடியாதவர்களுக்கு அந்த எண்தான் கண். சடையன் குடுவையில் இருந்தவரை அங்கேயும் அதே அளவை எடுத்தார்கள். எண் இறங்கினால் வேர் சாப்பிடுகிறது என்று பொருள். அண்ணன் உயிரோடிருந்தபோது அம்மாவுக்கு அவ்வளவு மட்டும்தான் விளக்கியிருந்தான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"நேத்தைவிட இறங்கியிருக்கும்மா" என்று தங்கை எண்ணைச் சொல்வாள்.

"அப்படிச் சாப்பிடணும். உன்ன மாதிரி பருக்கைய எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா உடம்பு தேறுமா?"

அடுக்களையிலிருந்து அண்ணி சிரிப்பாள். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட வேளை அது ஒன்றுதான் என்பதால், தங்கை எண்ணைச் சற்று இழுத்து, ராகம் போட்டுச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

அந்த மருந்துச் செடி உயரமான சரிவுகளில் வளர்வது. மருந்து அதன் வேரில் இருந்தது. நரம்பு வலியால் துடிப்பவர்களுக்குப் போடும் ஊசிக்கு அதுதான் மூலப்பொருள். வேரைத் தோண்டினால் செடி சாகும். தோண்டித் தோண்டிச் சரிவுகளில் செடியே அரிதாகிவிட்டது. "செடிய கொல்லாம வேர மட்டும் வாங்கிக்கணும், அவ்வளவுதான் என் வேலை" என்று அண்ணன் சொல்வான். ஓர் இலையைக் கீறி, அந்தக் காயத்தில் மண்ணில் வாழும் ஒருவகைக் கிருமியைத் தடவுவான். அது தன் மரபுப் பொருளின் ஒரு துணுக்கை இலைக்குள் செலுத்திவிடும். சில வாரங்களில் காயத்தின் விளிம்பிலிருந்து மயிர்போல் வேர்கள் துளிர்க்கும். அந்த வேர் நுனியை வெட்டிக் கரைசலில் இட்டால், இனி செடியின் துணை இல்லாமலே அது வளர்ந்துகொண்டிருக்கும்.

வேலை முடிந்த கிருமியை அதன் பிறகு ஒழித்துக்கட்ட வேண்டும். கரைசலில் ஆன்டிபயாடிக் சேர்த்து, நுனியை வெட்டி வெட்டிப் புதுக் குடுவைக்கு மாற்றி, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகும் கரைசல் கலங்காமல் இருந்தால் வேர் சுத்தம். கலங்கினால் கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறது. அண்ணன் நோயில் விழுந்த சமயம் சடையன் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்தான்.

அண்ணனுக்கு இதய வால்வில் கிருமி. மருத்துவமனைக் கட்டிலின் ஒரு பக்கம் தங்கையும் மறுபக்கம் அண்ணியும் நின்ற ஒரு மாலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மூச்சுக் குழாயைச் சற்றே நகர்த்திவிட்டு அவன் மனைவியைப் பார்த்துக் கேட்டான்.

"சடையனுக்கு மருந்து நிறுத்தியாச்சுல்ல? இன்னும் தெளிவா இருக்கா?"

"கண்ணாடி மாதிரி இருக்குங்க" என்றாள் அண்ணி.

அவன் தங்கையின் பக்கம் திரும்பினான். "குட்டி, கேட்டியா? உன் தொட்டியிலதான் இவன் பெரிய ஆளாகப் போறான். கஞ்சத்தனம் பண்ணாம காத்து விடு."

அவன் முகத்தில் அன்று தெரிந்த நிறைவைத்தான் அம்மா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவன் தெளிவாகப் பேசவில்லை.

அண்ணியும் அங்கேதான் வேலை பார்த்தாள். குடுவைகளுக்கு மீடியம் எனும் கரைசலைக் கலப்பதும், அவற்றில் வேர்களை மாற்றி நட்டு உயிரோடு வைத்திருப்பதும் அவள் பொறுப்பு. கணவன் இறந்த பிறகு சடையனை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை. யாரும் அதைக் கேள்வி கேட்கவும் இல்லை.

இந்த ஆண்டு சடையன் தொட்டிக்குப் போனான். மற்ற எல்லா வேர்களையும்விட அவனிடம்தான் மருந்து அதிகம் என்று சோதனைகள் காட்டியிருந்தன. முதல் சில நாட்கள் எண் அழகாக இறங்கியது. அம்மா அண்டை வீட்டாருக்கெல்லாம் எண்ணைச் சொன்னாள். பிறகு ஒரு காலை, தொட்டியின் கண்ணாடிச் சாளரத்தில் தங்கை முகத்தை வைத்தபோது உள்ளே வேர் தெரியவில்லை. சோப்பு நுரை கரைந்த நீர்போல் வெண்மை மட்டும் தெரிந்தது.

"என்ன இன்ஜினியரம்மா, டேங்குல துணி ஊறப் போட்டிருக்கீங்களா?" என்றார் மெக்கானிக். குழாய்களையும் பம்புகளையும் பராமரிப்பவர்; துக்க வீட்டிலும் ஏதாவது சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும் ரகம்.

தொட்டி கலங்கினால் முதல் குற்றவாளி எப்போதும் தொட்டிதான். எங்கோ ஒரு ரப்பர் வளையம் தளர்ந்திருக்கும், எங்கோ ஒரு வால்வு சரியாக மூடியிருக்காது, வெளிக்காற்றோடு கிருமி நுழைந்திருக்கும். ஆய்வுக்கூடத் தலைவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். எதைச் சொன்னாலும் கேட்டு முடித்து "அடுத்து?" என்பார் என்பதால் அவருக்கு அங்கே 'அடுத்து' என்றே பெயர்.

"சீல் எல்லாம் மாத்துங்க. அடுத்து?"

மாற்றினார்கள். மறுபடியும் சடையனை இட்டார்கள். மறுபடியும் கலங்கியது.

வீட்டில் அம்மா இரண்டு நாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தபடி பொரிந்தாள்.

"அவன் எவ்வளவு பாடுபட்டு உருவாக்கினான். உனக்கு ஒரு டேங்க ஒழுங்கா மூடத் தெரியல. மூடி போட்டு வைக்கிறதுக்கு எதுக்குடி இவ்வளவு படிப்பு?"

"அம்மா, டேங்குல கோளாறு இருக்கான்னு பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

"டேங்குலதான் கோளாறு. என் பிள்ளை வேர்ல என்ன கோளாறு இருக்கும்?"

அண்ணி தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். குவளை ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருந்தது.

அந்தப் பேச்சு தங்கைக்கு முள்ளாய்த் தைத்தது. தவறு தன்னுடையதாகவே இருக்கட்டும் என்றுகூட அவள் விரும்பினாள். தன் தவறென்றால் திருத்திக்கொள்ளலாம். மெக்கானிக்கும் அவளும் தொட்டியை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு இணைப்பையும் சோப்புநீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்து, மீண்டும் பூட்டினார்கள். பிறகு வேர் எதுவும் இடாமல், கிருமி நீக்கிய கரைசலை மட்டும் நிரப்பி ஓடவிட்டார்கள். நாட்கள் கடந்தன. கரைசல் கலங்கவில்லை.

"குடிக்கலாம் போல இருக்கு" என்றார் மெக்கானிக். "ரப்பர் புதுசு, வால்வு புதுசு. இனிமே மாத்தணும்னா நம்ம ரெண்டு பேரைத்தான் மாத்தணும்."

அவள் சிரிக்கவில்லை. தொட்டி சுத்தம் என்றால் மிச்சமிருப்பது ஒன்றுதான். அந்த நினைப்பை முடிக்க அவளுக்குத் துணிவில்லை. அண்ணியின் அறையில் சடையனின் குடுவைகள் அத்தனையும் தெளிவாக இருந்தன. அசுத்தமான வேர் அங்கே மட்டும் எப்படித் தெளிந்து நிற்கும்?

தலைவர் முடிவைச் சொன்னார். "இன்னும் ஒரு தடவை சடையன். அதுவும் கலங்கினா அவனை எடுத்துட்டு மூணாம் வரிசையைப் போடுங்க." மூன்றாம் வரிசை வேறொரு ஆய்வாளர் உருவாக்கிய வேர். மருந்து குறைவு, ஆனால் எந்த வம்பும் செய்யாமல் வளரும். ஒரு வரிசை தொட்டிக்குத் தகுதியில்லை என்றானால் அதன் குடுவைகளுக்கு அலமாரியில் இடம் தரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை.

மறுநாள், தொட்டி அறைப் பக்கமே வராத அண்ணி கதவோரம் வந்து நின்றாள்.

"குட்டி, இந்தத் தடவை டேங்குக்கும் நானே மீடியம் கலந்து தரட்டுமா?"

"ஏன் அண்ணி? நானே கலந்து டேங்குலயே வேகவச்சுடறேனே."

"இல்ல… உனக்கு வேலை குறையும்ல. ஆறின பிறகு நான் வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போறேன், அவ்வளவுதான்."

பேசும்போது அவள் நாத்தனாரைப் பார்க்காமல் தொட்டியின் சாளரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. 'ஆறின பிறகு' என்ற சொல் மட்டும் அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கிருமி சாக வேகவைத்த கரைசல் ஆறிவிட்டால் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. சூடு பட்டால் கெட்டுவிடும் ஆன்டிபயாடிக் போன்ற பொருள் ஏதேனும் சேர்ப்பதாக இருந்தால் மட்டுமே ஆறும்வரை காத்திருப்பார்கள். ஊசிக்குழாயின் முனையில் நுண்ணிய வடிகட்டியைப் பொருத்தி, சொட்டுச் சொட்டாக உள்ளே செலுத்துவார்கள்.

அன்று மதியம், அண்ணி சாப்பிடப் போயிருந்த வேளையில், தங்கை வளர்ப்பு அறைக்குள் போனாள். கழிவுக்கூடையின் மூடியைக் காலால் அழுத்தித் திறந்தாள். கையுறைகளுக்கும் பஞ்சுக்கும் நடுவே, நாணய அளவில் வட்டமான வெள்ளை வடிகட்டிகள் கிடந்தன. அவற்றுக்கு அந்த அறையில் இப்போது எந்த வேலையும் இருக்கக் கூடாது.

அலமாரியிலிருந்து சடையனின் குடுவை ஒன்றை எடுத்துக்கொண்டாள். தொட்டியைக் கலக்கிய வெண்மையில் சிறிது அவளிடம் சேமிப்பில் இருந்தது. அதைக் கிருமி வளர்க்கும் தட்டு ஒன்றின் கூழ்ப்பரப்பில் சீராகத் தடவினாள். குடுவையின் தெளிந்த கரைசலில் நனைத்த ஒரு சிறு காகித வில்லையை நடுவில் வைத்தாள். இன்னொரு தட்டில், மருந்தேதும் கலவாத கூழின் மேல், கழுவித் துடைத்த சடையனின் வேர்நுனி ஒன்றைக் கிடத்தினாள். இரண்டையும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து மூடினாள். மூடிய பிறகு கதவின் கைப்பிடியை விடாமல் நின்றுகொண்டிருந்தாள். அன்று மாலை எதையும் பார்க்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

தட்டுகள் பேசத் தொடங்கியது மறுநாளுக்கு மறுநாள். முதல் தட்டு முழுவதும் கிருமி வெள்ளையாய்ப் படர்ந்திருந்தது, நடுவில் வில்லையைச் சுற்றி மட்டும் நிலவைப்போல் ஒரு வட்டம் துல்லியமாகத் தெளிந்திருந்தது. அங்கே எதுவும் வளரவில்லை. இரண்டாம் தட்டில் வேர்நுனியைச் சுற்றிப் பாலாடைபோல் ஒரு விளிம்பு கசிந்திருந்தது. அண்ணனின் வேருக்குள் கிருமி இருந்தது. குடுவைகளைத் தெளிவாக வைத்திருந்தது ஆன்டிபயாடிக்.

தட்டுகளைக் குழாயடியில் கழுவிவிட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் ஒரு கணம் யோசித்தாள். கழுவிவிட்டு, 'சரி அண்ணி, நீங்களே கலந்து குடுங்க' என்று சொல்லிவிட்டால் தொட்டி கலங்காது. எண் இறங்கும். அம்மா அண்டை வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்வாள். வேர் சுத்தம் என்று அண்ணன் இட்ட கையெழுத்து அப்படியே நிற்கும். யாருக்கோ எங்கோ போடப்படும் ஊசிக்குள் அந்த ஆன்டிபயாடிக்கின் சுவடு இருக்குமா இராதா என்பதை மட்டும் அவள் யோசிக்காமல் இருந்தால் போதும்.

அவள் தட்டுகளைக் கழுவவில்லை. மூடியைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு வளர்ப்பு அறைக்குப் போனாள்.

அண்ணி கிருமி அண்டாமல் காற்று வீசும் மேசையின் முன் உட்கார்ந்து, இடுக்கியால் ஒரு வேர்க்கொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். இடுக்கியைக் கீழே வைத்தாள். விளக்கை அணைத்தாள். ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தாள்.

"எவ்வளவு நாளா அண்ணி?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"அண்ணன் கையெழுத்து போட்டாரே, சுத்தம்னு?"

"அவர் போட்டப்ப தெளிவாத்தான் இருந்துச்சு. மருந்த நிறுத்தி முதல் குடுவை தெளிவா இருந்துச்சு. அதை நம்பிப் போட்டுட்டார். இன்னும் ரெண்டு குடுவை பாத்திருக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி முடிச்சுடணும்னு அவசரம்." அண்ணியின் குரல் சீராக இருந்தது. "அவர் கட்டில்ல படுத்திருந்தாரே, நீயும் நின்னியே, அன்னைக்குக் காலையிலதான் எல்லாம் கலங்கிப் போயிருந்துச்சு. ஒரே ஒரு நுனி மட்டும் தேறும் போல இருந்துச்சு. அதைத் திரும்ப மருந்துல போட்டுட்டுத்தான் உங்கண்ணனைப் பாக்க வந்தேன்."

தங்கைக்கு அந்த மாலை அப்படியே கண்முன் வந்தது. கட்டிலின் இரு பக்கங்கள், நகர்த்திய மூச்சுக் குழாய், கண்ணாடி மாதிரி என்ற சொல். அத்தனை நாள் அவள் மனத்தில் இருந்த அதே காட்சிதான். அதில் அண்ணியின் முகத்தை மட்டும் அவள் அன்று பார்க்கவே இல்லை என்பது இப்போது தெரிந்தது.

"தெளிவா இருக்கான்னு கேட்டார். நான் என்னன்னு சொல்றது குட்டி? இல்லைங்க, கலங்கிடுச்சு, நீங்க தப்பா கையெழுத்து போட்டுட்டீங்கன்னா?"

"அன்னைக்கு சொன்னது சரி அண்ணி. அது எனக்குப் புரியுது. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்…" அண்ணி இடுக்கியை எடுத்துத் துடைத்தாள். "சொல்லிட்டேன்ல. சொன்னதை அப்படியே ஆக்கிடலாம்னு பாத்தேன். இன்னும் கொஞ்சம் மருந்து, இன்னும் சின்ன நுனி, கண்ணுக்கே தெரியாத நுனி. சுத்தமாகிட்டா நான் சொன்னது பொய்யில்லைன்னு ஆகிடும். ஒவ்வொரு தடவை மாத்தி நடும்போதும் ஒரு குடுவைய மருந்தில்லாம வச்சுப் பாப்பேன். ஒவ்வொரு தடவையும் கலங்கும். யாரும் வர்றதுக்குள்ள அதை எடுத்துக் கொட்டிடுவேன்."

"அப்ப டேங்குல போடும்போது சொல்லியிருக்கலாமே. ரெண்டு தடவை… அம்மா என்னை என்னவெல்லாம் சொன்னாங்க."

"தெரியும். பக்கத்துலதானே நின்னேன்." முதன்முறையாக அண்ணியின் குரல் தடுமாறியது. "டேங்குல போனாலாவது, அவ்வளவு தண்ணில, அவ்வளவு காத்துல… எப்படியாவது தப்பிச்சுடாதான்னு நினைச்சேன். உனக்குப் பண்ணது பாவம்தான்."

"இப்ப டேங்குக்கும் மருந்து கலந்து தர வந்தீங்க. இந்த வேர்லேர்ந்து எடுக்கறது ஊசியில போகுது அண்ணி. அந்த ஆன்டிபயாடிக் ஒத்துக்காத உடம்பு எதுலயாவது போனா என்ன ஆகும்?"

"பிரிச்செடுக்கும்போது போயிடும்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களா, தெரியுமா?"

அண்ணி இடுக்கியை மேசைமேல் வைத்தாள்.

"நினைச்சேன்" என்றாள்.

அலமாரிக்குள் குடுவைகளை மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்த மேடையின் ஓசை மட்டும் கேட்டது. அண்ணி அந்தப் பக்கம் பார்த்தபடியே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்:

"அவருக்கு மருந்த நிறுத்தினா காய்ச்சல் வந்துடும். இதுக்கு நிறுத்தினா கலங்கிடும். காலையில இங்க, சாயங்காலம் அங்க. ரெண்டுல ஒண்ணையாவது…"

அவள் முடிக்கவில்லை. தங்கை தட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு அண்ணியின் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபத்தோடு வந்தவள் அவள். அந்தக் கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணியின் கையுறையைக் கழற்றிவிட்டாள். உள்ளே விரல்கள் வியர்வையில் சுருங்கிப்போயிருந்தன.

"சார்கிட்ட நான் சொல்லிடறேன் அண்ணி. வேர் சுத்தமில்லைன்னு மட்டும் சொல்றேன்."

"வேண்டாம். நானும் வரேன்."

தலைவர் தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர். அண்ணி நடந்ததைச் சுருக்கமாக, ஒன்றையும் விடாமல், தன் பங்கைக் குறைக்காமல் சொன்னாள்.

"அவனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது சார்."

"சரி." தட்டை மேசைமேல் வைத்தார். அதை நேராக நகர்த்தினார். "அடுத்து…" என்றார் பழக்கதோஷத்தில். சொன்ன மாத்திரத்தில் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே, அண்ணி இனி வளர்ப்பு அறைக்குப் போக வேண்டாம், பாத்திரங்கள் கழுவும் பிரிவில் இருக்கட்டும் என்றார். தொட்டி தயாராக இருப்பதால் இன்றே மூன்றாம் வரிசையை இடலாம் என்றார். சடையனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை: கிருமி ஒளிந்திருக்கும் வேரை அலமாரியில் வைத்திருந்தால் மற்ற வேர்களுக்கும் ஆபத்து.

நீராவியின் அழுத்தத்தில் எல்லாவற்றையும் வேகவைத்துக் கொல்லும் ஆட்டோகிளேவ் நடைபாதையின் கோடியில் இருந்தது. குடுவைகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி இருவரும் கொண்டுபோனார்கள். கண்ணாடியோடு கண்ணாடி உரசாமலிருக்க அண்ணி ஒவ்வொன்றின் நடுவிலும் துணியைச் செருகினாள். இன்னும் சிறிது நேரத்தில் வெந்துபோகப் போகிறவை. இருந்தும் உடைந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

மெக்கானிக் அங்கே ஒரு குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். தள்ளுவண்டியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். எதுவும் சொல்லாமல் முடுக்கியைப் பையில் போட்டுக்கொண்டு, சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

கடைசிக் குடுவையை அண்ணி விளக்குக்கு நேராகத் தூக்கினாள். வேர்கள் நூல்நூலாகப் பிரிந்து, நீரசைவில் லேசாக அலைந்தன. புது நுனிகள் பனிக்கட்டித் துகள்போல் மின்னின.

"அழகா இருக்கான்ல?" என்றாள்.

"அழகா இருக்கான் அண்ணி."

கதவைச் சாத்திப் பிடியைத் திருகியது தங்கை. அழுத்தமானியின் முள் ஏறத் தொடங்கும்வரை இருவரும் நின்றார்கள். நீராவி வெளியேறியபோது வேகவைத்த கிழங்கின் வாசனை நடைபாதை முழுவதும் பரவியது. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டு, வாசனை அடங்கும்வரை அப்படியே நின்றாள். திறந்தபோது குடுவைகளில் பழுப்புக் குழம்பு இருந்தது. அவற்றைக் கழுவும் வேலை இன்றிலிருந்து அண்ணியுடையது. அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

மதியத்துக்கு மேல் தங்கை தொட்டியின் மேல்மூடியை நெருப்பால் சுட்டு, மூன்றாம் வரிசையின் வேர்க்கொத்துகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினாள். அவை உள்ளேயிருந்த கம்பி வலையில் தொற்றிக்கொண்டு அடங்கின. காற்றைத் திறந்தாள். அண்ணன் சொன்னதுபோல் கஞ்சத்தனம் பண்ணாமல் திறந்தாள். திரையில் எண் ஒளிர்ந்தது.

மாலையில் இருவரும் ஒன்றாகவே வீடு திரும்பினார்கள். வழி நெடுக அம்மாவைப் பற்றித்தான் இருவரும் நினைத்திருக்க வேண்டும். தெருமுனையில் அண்ணி மட்டும் நின்றாள்.

"அத்தைகிட்ட நானே சொல்லிடறேன் குட்டி. இத்தோட போதும். ஒரு வருஷமா அதைத் தூக்கிச் சுமந்துட்டேன், முடியல."

"சரி அண்ணி" என்றாள் தங்கை.

கதவு திறந்திருந்தது. தங்கை செருப்பில் கையை வைத்தாள்.

"இன்னைக்காவது போட்டீங்களா இல்லையா?" அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "இன்னைக்குப் போடறதா சொன்னியே. மூடிய ஒழுங்கா மூடினியா?"

அண்ணி முன்னால் வந்தாள். "அத்தை…" என்றாள். அம்மாவின் முகம் அவளை நோக்கித் திரும்பியது. ஓர் ஆண்டாக எதைக் கேட்டாலும் இந்தப் பக்கத்திலிருந்து நல்ல பதிலே வரும் என்று பழகிப்போன முகம் அது. இப்போதும் அதையே எதிர்பார்த்து மலர்ந்திருந்தது. கண் தெரியாதவர்கள் கையை நீட்டுவார்களே, அதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

தங்கைக்கு மருத்துவமனைக் கட்டில் நினைவுக்கு வந்தது. அன்று அந்தப் பக்கம் நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அவள் அப்போதுதான் உடம்பில் உணர்ந்தாள்.

"போட்டாச்சும்மா" என்றாள். "மத்தியானமே போட்டாச்சு."

அண்ணி திரும்பி அவளைப் பார்த்தாள்.

"கலங்கலையே?"

"கண்ணாடி மாதிரி இருக்கு."

"எண்?"

தங்கை எண்ணைச் சொன்னாள். திரையில் பார்த்த எண்தான். ஒரு புள்ளிகூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. யாருடைய வேர் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. இழுத்து ராகம் போடவும் அவளால் முடியவில்லை.

"முதல் நாள்தானே, போகப் போகச் சாப்பிடுவான்" என்று அம்மா மீண்டும் நாற்காலியில் சாய்ந்தாள். "அவன் அப்படித்தான். புது இடம்னா முதல் நாள் சாப்பாட்டைத் தொடமாட்டான்."

அண்ணி அடுக்களைக்குள் போய் விளக்கைப் போட்டாள். பாத்திரம் ஒன்றை எடுத்து வைக்கும் ஓசை கேட்டது. சிரிப்பு கேட்கவில்லை. தங்கை செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். நாளை காலை தொட்டி அறைக்குப் போனதும் முதல் வேலையாக எண்ணைப் பார்க்க வேண்டும். நாளை மாலையும், அதற்கடுத்த மாலையும் அம்மா கேட்பாள்.